எண்டோதீலின் பார்க்க ரத்தம் கொடுக்கணுமா? குடியாத்தத்து அம்மாவுக்கு ஒரு பதில்

கேள்வி: டாக்டர், வணக்கம். எங்களுக்குக் குடியாத்தம் பக்கத்தில் கிராமம். என் பையனுக்கு ஆறு வயது. நாலு வயதில் முகமும் காலும் வீங்கியபோது நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்தார்கள், சரியானது. போன வருடம் ஆடியில் திரும்பி வந்தது, பிறகு தை மாதம், இப்போது ஆவணியில் மறுபடியும். ஒவ்வொரு முறையும் மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாளுக்குள் சிறுநீரில் புரோட்டீன் நின்றுவிடுகிறது. ஹைதராபாத்தில் மருந்து கம்பெனியில் வேலை செய்யும் என் தம்பி, எண்டோதீலின் என்று ஒன்று ரத்தக்குழாயைச் சுருக்கிக் குழந்தைகள் கிட்னியைக் கெடுக்கிறது, அதைத் தடுக்கிற மருந்து வந்துவிட்டது, அந்த வகை மாத்திரை ஒன்று நம் ஊரிலேயே கிடைக்கிறது என்கிறான். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துத் தருகிறோம் என்று ஒரு லேபில் சொல்கிறார்கள், சில ஆயிரம் ஆகுமாம். பார்க்கலாமா? என் மாமியார் நீர்முள்ளிக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார், உப்பும் முட்டையும் கூடவே கூடாது என்கிறார். ஊரில் எல்லாம் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். அடுத்து லெவாமிசோல் மாத்திரை பற்றி யோசிக்கலாம் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, லேப் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், நாளைக்கே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடப் போகிறீர்கள். அந்தப் பரிசோதனை வேண்டாம். உங்கள் பையனுக்கு அதனால் ஒரு முடிவும் மாறாது.

ஆனால் தம்பி சொன்னது பொய் இல்லை, அவர்மேல் கோபப்படாதீர்கள். எண்டோதீலின் உண்மையான பொருள்தான். நம் ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கிற செல்கள் சுரக்கிற சின்னப் புரதத் துண்டு அது, வெறும் 21 அமினோ அமிலங்கள். ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தில் மசாஷி யானகிசாவாவும் உடன் வேலை செய்தவர்களும் பன்றியின் பெருந்தமனிச் செல்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1988-ல் வெளியிட்டார்கள். உடலே தயாரிக்கிற பொருட்களில் ரத்தக்குழாயை இவ்வளவு பலமாக, இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடிப்பது வேறு அதிகம் இல்லை. இஸ்ரேல் பகுதியில் மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்பின் விஷத்தில் இருக்கிற சாரஃபோடாக்சின் என்ற பொருளும் இதுவும் அமைப்பில் கிட்டத்தட்ட ஒன்று. அந்தப் பாம்பு கடித்தால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட ஒன்று நம் உடம்புக்குள்ளேயே ஏன் சுரக்கிறது என்று கேட்டால், அளவோடு இருக்கும்போது அது நமக்குத் தேவை. சிறுநீரகத்தின் உள்பகுதியில் அது நிறையச் சுரக்கிறது, அங்கே அதன் வேலை குழாயைச் சுருக்குவது மட்டும் இல்லை, அதிகப்படி உப்பையும் நீரையும் வெளியே அனுப்பவும் உதவுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்தைப் பற்றிப் பேசும்போது திரும்பத் தேவைப்படும்.

செல்களில் எண்டோதீலின் போய் உட்காருகிற இடங்களை ஏற்பிகள் என்போம். அவை இரண்டு வகை, ஏ என்றும் பி என்றும் சொல்வோம். ஏ வகையில் உட்கார்ந்தால் குழாய் சுருங்கும், தழும்பு விழுகிற வேலை வேகமாகும். பி வகையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் அதற்கு எதிர்: குழாய் தளரும், உப்பு வெளியேறும், மிஞ்சிய எண்டோதீலினும் ரத்தத்திலிருந்து அகற்றப்படும். சிறுநீரக நோயில் இந்தச் சமன் ஏ பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இப்போது உங்கள் பையன் விஷயம். சிறுநீரகத்தின் வடிகட்டியில் போடோசைட் என்று ஒரு செல் உண்டு. அதற்குக் கால் விரல் மாதிரி நீட்டல்கள், பக்கத்துச் செல்லின் நீட்டல்களோடு, இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி பின்னிக்கிடக்கும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் போகும், ரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் என்ற புரதம் போகாது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் இந்த விரல்கள் மழுங்கிப்போய் ஆல்புமின் சிறுநீரில் கொட்டுகிறது. ரத்தத்தில் ஆல்புமின் குறைய, நீர் திசுக்களுக்குள் இறங்கி, காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கும், சாயங்காலத்துக்குள் காலுக்கு வந்துவிடும். நீங்கள் பார்த்ததுதான். எண்டோதீலின் ஏ வகை ஏற்பிகள் வழியாகப் போடோசைட்டின் உள்சட்டத்தைக் குலைக்கிறது, விரல்கள் சுருங்குகின்றன, கசிவு அதிகமாகிறது, கசிந்த புரதம் அந்தச் செல்களைத் தூண்டி இன்னும் எண்டோதீலின் சுரக்க வைக்கிறது. இந்தச் சுழல் வருடக்கணக்கில் நிற்காமல் ஓடினால் வடிகட்டியில் தழும்பு விழும். எனவே குழந்தைகளின் சிறுநீரக நோயில் இதற்குப் பங்கு உண்டு என்பது உண்மை.

ஆனால் எந்தக் குழந்தைகளுக்கு? இங்கேதான் தம்பியின் கணக்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை. ஆறு வாரம் ஒழுங்காக ஸ்டீராய்டு கொடுத்தும் புரதம் நிற்காத குழந்தைகள், பயாப்சியில் எஃப்.எஸ்.ஜி.எஸ். என்று தழும்பு தெரிகிற குழந்தைகள், ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் வடிகட்டியில் படிகிற ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி இருப்பவர்கள், பிறவியிலேயே சிறுநீரகமோ மூத்திரப்பாதையோ சரியாக அமையாமல், சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடுகிற கிரியேட்டினின் என்ற கழிவு மெல்ல ஏறிக்கொண்டே போகிறவர்கள், இவர்களிடம்தான் இந்தச் சுழல் நின்று விளையாடுகிறது. உங்கள் பையனுக்கு மூன்று முறையும் பத்து நாளுக்குள் சிறுநீர் தெளிந்திருக்கிறது. சுழல் தொடங்குவதற்குள் அறுந்துவிடுகிறது என்று அர்த்தம். இந்த வயதில் முதல் முறை வருகிற நெஃப்ரோடிக் குழந்தைகளில் பத்துக்கு எட்டு பேருக்கு மேல் இப்படித்தான், ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படுகிறவர்கள். இவர்களில் நிறையப் பேருக்கு நோய் திரும்பத் திரும்ப வரும், பெற்றோரை அலைக்கழிக்கும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் கெடுவதில்லை, வளர வளர நோய் வருவதும் குறைகிறது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்த நோயில் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்கிற முதல் அடையாளமே ஸ்டீராய்டுக்குக் கேட்கிறதா இல்லையா என்பதுதான், அந்தக் கேள்விக்கு உங்கள் பையன் மூன்று முறை பதில் சொல்லிவிட்டான்.

ரத்தத்தில் ஏன் பார்க்க வேண்டாம் என்கிறேன் என்றால், செல்கள் எண்டோதீலினில் பெரும்பகுதியை ரத்தம் ஓடுகிற பக்கம் விடுவதில்லை, வெளிப்பக்கம், குழாயின் தசை இருக்கிற பக்கம் விடுகின்றன. ரத்தத்துக்கு வருவது சிந்திய மிச்சம், அதையும் நுரையீரல் உட்பட பல உறுப்புகள் சில நிமிடங்களில் அகற்றிவிடும். ஆகவே கையில் குத்தி எடுக்கிற ரத்தத்தின் எண் சிறுநீரகத்துக்குள் நடப்பதைச் சொல்லாது. நோய் திரும்பி வந்த குழந்தைகளிடம் அளவு கூடுதலாக இருந்ததாகச் சின்ன ஆய்வுகள் உண்டு, தம்பி படித்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். சரி, கூடுதல் என்றே வந்ததாக வைத்துக்கொள்வோம், உங்கள் டாக்டர் என்ன செய்வார்? அதே ஸ்டீராய்டு, பிரெட்னிசோலோன்தான் கொடுப்பார். குறைவு என்று வந்தாலும் அதேதான். அப்படியானால் அந்தக் காசு எதற்கு?

மருந்து. இந்த வகையில் முதலில் வந்தது போசென்டான், 2001-ல், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்த நோய்க்கு. சிறுநீரகத்துக்காகச் செய்த முயற்சிகளில் அவோசென்டான் என்ற மருந்தின் ஆய்வைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்ட பெரியவர்களுக்கு அதைக் கொடுத்தபோது புரதம் குறைந்தது, ஆனால் உடம்பில் நீர் தங்கி இதயம் திணறியது. உப்பையும் நீரையும் வெளியேற்றுவதும் எண்டோதீலினின் வேலை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதையும் சேர்த்து அடைத்தால் வீக்கம்தான் வரும். வீக்கத்தோடு இருக்கிற நெஃப்ரோடிக் குழந்தைக்கு அப்படி ஒரு மாத்திரையை யாரும் தானாக வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. பின்னால் வந்தவை இன்னும் கவனமாகச் செய்யப்பட்டவை. ஸ்பார்சென்டான் என்பது எண்டோதீலினையும், ரத்தக்குழாயைச் சுருக்குகிற இன்னொரு பொருளான ஆஞ்சியோடென்சினையும் சேர்த்துத் தடுக்கும், ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி உள்ள பெரியவர்களுக்கு அமெரிக்காவில் 2023 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. அட்ராசென்டானுக்கு 2025 ஏப்ரலில், அதுவும் அதே நோய் உள்ள பெரியவர்களுக்கு. எஃப்.எஸ்.ஜி.எஸ். நோயாளிகளுக்கு, எட்டு வயதுப் பிள்ளைகளிலிருந்து முதியவர்கள் வரை, ஸ்பார்சென்டான் கொடுத்துப் பார்த்த டூப்ளெக்ஸ் ஆய்வு 2023-ல் வெளிவந்தது: பழைய மருந்தான இர்பெசார்டானைவிடப் புரதம் நன்றாகக் குறைந்தது, ஆனால் 108 வாரம் கழித்தும் சிறுநீரகத் திறன் சரிகிற வேகத்தில் தெளிவான வித்தியாசத்தைக் காட்ட முடியவில்லை. ஒரு வயதிலிருந்தே உள்ள குழந்தைகளிடம் தனியாக ஆய்வு நடக்கிறது. ஸ்டீராய்டுக்குக் கேட்காத குழந்தையின் அப்பா அம்மாவுக்கு இது உண்மையான நம்பிக்கை, நானும் ஆவலோடு பார்க்கிறேன். உங்களுக்கு இது தேவைப்படாத மருந்து. நம் ஊரிலேயே கிடைக்கிறது என்று தம்பி சொல்வது போசென்டானாகத்தான் இருக்கும், அது மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பதாலேயே பையனுக்கானது ஆகிவிடாது. கல்லீரலைக் கெடுக்கலாம், ஹீமோகுளோபினைக் குறைக்கலாம், கர்ப்பிணி சாப்பிட்டால் சிசுவுக்கு ஊனம் வரலாம். தயவுசெய்து வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் தம்பிக்குச் சொல்லுங்கள். புரதம் நிற்காத, பி.பி. ஏறுகிற பிள்ளைகளுக்கு நாங்கள் பல வருடமாகக் கொடுக்கிற எனலாப்ரில், ராமிப்ரில் மாத்திரைகள் ஆஞ்சியோடென்சினைக் குறைக்கின்றன. எண்டோதீலினைத் தூண்டிவிடுகிற பொருட்களில் ஆஞ்சியோடென்சினும் ஒன்று, ஆகவே ஓரளவுக்கு அந்தச் சுழலிலும் கை வைக்கிறோம், அதுவும் குறைந்த செலவில். ஐரோப்பாவில் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்த 385 பிள்ளைகளுக்கு ராமிப்ரில் கொடுத்து, அவர்களில் பாதிப்பேருக்கு பி.பி.யை வழக்கத்தைவிட இன்னும் கீழே கொண்டுவந்து ஐந்து வருடம் பார்த்தார்கள். 2009-ல் வெளிவந்த முடிவு: பி.பி.யை நன்றாகக் குறைத்த அணியில் சிறுநீரகம் பாதிக்குப் பாதி திறனை இழந்தவர்களோ முழுவதும் செயலிழந்தவர்களோ நூற்றுக்குச் சுமார் 30 பேர், மற்ற அணியில் 42 பேர். பி.பி. பார்ப்பது அவ்வளவு முக்கியம். பார்க்கும்போது பையன் கைக்கு அளவான பட்டையா என்று கேளுங்கள். பெரியவர்களின் பட்டையைச் சின்னக் கையில் சுற்றினால் பி.பி. உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அப்புறம், 120-க்கு 80 என்றால் உங்களுக்கும் எனக்கும் சரி, ஆறு வயதுப் பையனுக்கு அது அதிகம். ஸ்டீராய்டு முழு அளவில் சாப்பிடுகிற வாரங்களில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

லெவாமிசோல் பற்றிப் பயப்பட வேண்டாம். 12 மாதத்தில் மூன்று முறைக்குக் குறையாமல் திரும்பினால் அடிக்கடி திரும்புகிற வகை என்று எடுத்துக்கொள்வோம். போன ஆடியிலிருந்து இந்த ஆவணிக்கு 13 மாதம், நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். ஸ்டீராய்டு சேரச் சேர உயரம் நின்றுபோகும், கண்ணில் புரை விழலாம், எலும்பு மெலியும், அதனால் அதைக் குறைக்கத்தான் உங்கள் டாக்டர் யோசிக்கிறார். சரியாகவே யோசிக்கிறார். நாள் விட்டு நாள் கொடுக்கிற மாத்திரை, இடையிடையே வெள்ளை அணுக்களைப் பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டு. அந்த ரத்தத்தைக் கொடுங்கள். அதற்கும் கேட்காமல் பின்னால் எப்போதாவது நோயெதிர்ப்பை அடக்குகிற சைக்ளோஸ்போரினோ டாக்ரோலிமஸோ தேவைப்பட்டால், அந்த மருந்துகள் எண்டோதீலினைக் கூட்டிச் சிறுநீரகத்துக்குள் ரத்தம் வருகிற குழாயைச் சுருக்கக்கூடியவை, அதனால்தான் மருந்தின் அளவையும் கிரியேட்டினினையும் விடாமல் பார்ப்போம். உங்கள் வாழ்க்கையில் எண்டோதீலின் நேராக நுழைய வாய்ப்புள்ள இடம் அது ஒன்றுதான், அதுவும் இப்போது இல்லை.

சில ஆயிரம் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதில் கொஞ்சத்தில், சிறுநீரில் புரதம் பார்க்கிற டிப்ஸ்டிக் பட்டைகள் உள்ள டப்பா ஒன்று வாங்குங்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைச் சுத்தமான டம்ளரில் பிடித்து, பட்டையை முக்கி எடுத்து, ஓரத்தில் தட்டிவிட்டு, அட்டையில் போட்டிருக்கிற நேரம், பெரும்பாலும் 60 நொடி, கடிகாரம் பார்த்து நில்லுங்கள். மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை. பச்சை ஏற ஏற ஒரு பிளஸ், இரண்டு, மூன்று, நான்கு பிளஸ் என்று கூடும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டு பச்சையாகிவிட்டது என்று பதறாதீர்கள், அப்போது தெரிகிற நிறம் செல்லாது. டப்பாவை உடனே இறுக்கி மூடிவிடுங்கள், அடுப்படி அலமாரியில் வேண்டாம், வேலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் ஜன்னலோரத்திலும் வேண்டாம், சூடும் ஈரமும் பட்டால் பட்டைகள் வீண். டிப்ஸ்டிக் இல்லாத நாளில் டெஸ்ட் டியூபில் முக்கால் பாகம் சிறுநீர் எடுத்து, சாய்த்துப் பிடித்து மேல்பாகத்தை மட்டும் சூடு காட்டுங்கள். கலங்கினால் இரண்டு மூன்று சொட்டு வினிகர். தெளிந்துவிட்டால் அது உப்புக் கலங்கல், தெளியாமல் தயிர் மாதிரி நின்றால் புரதம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், பக்கத்தில் எடை, மாத்திரை எத்தனை, காய்ச்சல் இருமல் இருந்ததா. தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸோ அதற்கு மேலோ வந்தால் நோய் திரும்பிவிட்டது, அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள், வீக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் இல்லை அல்லது லேசான தடம் மட்டும் என்றால் கட்டுப்பட்டுவிட்டது. சளி பிடித்த வாரம் ஒரு நாள் இரண்டு பிளஸ் வந்து தானாக இறங்கிவிடுவதும் உண்டு, அதற்கு உடனே மாத்திரை ஆரம்பித்துவிடாதீர்கள். லெவாமிசோலா இல்லையா என்பதை இந்த நோட்டுதான் தீர்மானிக்கும். ஆடி, தை, ஆவணி, மூன்று முறைக்கும் முன்னால் சளி காய்ச்சல் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் இருந்திருக்கும்.

பாலாற்றுக்கு வருகிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவால் நம் வட ஆற்காட்டு நிலத்தடி நீர் கெட்டது உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. நல்ல தண்ணீர் கேட்டுப் போராடுவது நம் உரிமை, உங்கள் ஊர்க்காரர்கள் கோபம் நியாயமானது. ஆனால் குரோமியம் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும் விதம் வேறு. திடீரென்று இவ்வளவு ஆல்புமின் கொட்டி, பிரெட்னிசோலோன் கொடுத்ததும் பத்து நாளில் நின்று, சளி வந்ததும் திரும்புகிற நோய் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கோளாறு. நீங்கள் பையனுக்குக் கெட்ட தண்ணீர் கொடுத்துவிட்டதாக நினைத்து அழ வேண்டாம்.

நீர்முள்ளிக் கஷாயம் வேண்டாம் என்று ஆயாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் பேரன்மேல் இருக்கிற அக்கறையில்தான் சொல்கிறார். வீங்கியிருந்தாலும் இந்தக் குழந்தைகளுக்கு ரத்தக்குழாய்க்குள் நீர் குறைவாகவே இருக்கலாம், நீர் பிரிக்கிற எதையும் அளவில்லாமல் கொடுத்தால் ரத்தம் கெட்டியாகி உறையக்கூடும். நீர் பிரிய மாத்திரை கொடுக்கும்போது நாங்களே ஆயிரம் யோசிப்போம்.

காய்ச்சலோடு வயிற்று வலி வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், வாந்தியோடு சோர்ந்து படுத்தால், ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஸ்டீராய்டை நீங்களாக ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். தெருவிலோ பள்ளியிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்து பையன் பக்கத்தில் இருந்துவிட்டால், வேப்பிலை கட்டுவதைக் கட்டுங்கள், அன்றைக்கே டாக்டருக்கு ஃபோனும் செய்யுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிற குழந்தைக்குச் சின்னம்மை பெரிய ஆபத்து, முன்கூட்டியே தடுக்க மருந்து உண்டு, நாள் கடந்தால் அது உதவாது. நிமோனியா தடுப்பூசியும் வருடாவருடம் ஃபுளூ தடுப்பூசியும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை முழு அளவு ஸ்டீராய்டு ஓடும்போது போடக்கூடாது.

உப்பு: வீக்கம் இருக்கிற நாட்களிலும் ஸ்டீராய்டு முழு அளவில் இருக்கும்போதும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர், சிப்ஸ் வேண்டாம், சமையலில் பாதி உப்பு. வீக்கம் வடிந்ததும் வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற குழம்பையே கொடுங்கள், முழுக்க உப்பை நிறுத்தினால் பையன் சாப்பாட்டையே வெறுத்துவிடுவான். முட்டை தாராளமாகக் கொடுக்கலாம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற இந்தக் குழந்தைக்குப் புரதத்தைக் குறைக்கத் தேவையே இல்லை, வயதுக்கு ஏற்ற அளவில் பருப்பு, பால், மீன், கோழி எல்லாம் சாப்பிடட்டும். பள்ளியில் போடுகிற சத்துணவு முட்டையையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.